டார்வின் என் குடும்பப் பெயரான கதை: உங்கள் பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

மஸ்கட்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வார்டு சுற்றுக்கு வந்த ஸ்காட்லாந்துக்கார டாக்டர் என் சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையை இரண்டு தடவை பார்த்தார். "டார்வினா? நீங்கள் அந்தக் குடும்பமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்த வாரம் கால் முறிந்து படுத்திருந்த ஆஸ்திரேலியக்காரர் ஒருவர், தன் தங்கை என் பெயருக்குள் குடியிருக்கிறாள் என்றார். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் என்று ஒரு நகரம் இருக்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். டார்வின் என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அப்பா பெயரை எழுதினோம், அவ்வளவுதான். டாக்டருக்குத் திருப்தி இல்லை. "சரி, உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர் என்ன?" என்றார். அது அவருடைய அப்பாவின் பெயர். "உங்கள் மகனுக்கு?" அது என் வீட்டுக்காரரின் பெயர். தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தின் டார்வின் குடும்பத்துக்காரர்கள் தங்கள் முன்னோரை 1500ஆம் ஆண்டு வாக்கில் லிங்கன்ஷயரில் வாழ்ந்த ஒருவர்வரை கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அத்தனை நூற்றாண்டாக அதே பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் அதற்கு ஆயுசு ஒரே ஒரு தலைமுறை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, ஊரில் நிலத்தகராறு வரும்வரை. பாட்டா (அப்பாவின் அப்பா) எழுதிவைத்த 1962ஆம் ஆண்டுப் பத்திரத்தில் மூன்று மகன்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பத்திரம் பெரியப்பா வீட்டு பீரோவிலேயே அறுபது வருஷம் கிடந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தபோது மூன்றாவது மகனின் பெயர் 'இர்வின்' என்று இருந்தது. எங்கள் அப்பா ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பென்ஷன் புத்தகத்திலும் டார்வின். ஓர் அலுவலகத்தில், "அப்போ அந்த இர்வினைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏழு சென்ட் நிலம். அதற்காகத்தான் இந்தத் தேடலைத் தொடங்கினேன். ஐந்து மாதம் ஆனது. கற்றுக்கொண்டதை எழுதிவைத்தால் இன்னொருவருக்கு ஒரு மாதமாவது மிச்சமாகும்.

முதலில் வீட்டுப்பெயர்

எங்கள் மாவட்டத்தில் ஒருவரைத் தேட அவருடைய பெயரோ அப்பாவின் பெயரோ போதாது. ஒரே சபையில், ஒரே வருஷத்தில் நான்கு எட்வின்கள் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப்பெயர். கல்குளம், விளவங்கோடு பக்கம் பாதிப் பேருக்கு அது 'விளை'யில் முடியும். பலாவிளை, புளியடிவிளை, கல்லுவிளை என்று எந்த மரத்தடியில், எந்தக் கல்லருகில் வீடு இருந்ததோ அதுவே பெயர். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் இந்த வீட்டுப்பெயர் தவறாமல் இருக்கும். டாக்டர் கேட்ட 'குடும்பப் பெயர்' நம்மிடம் இருந்தது என்றால் அது இதுதான். பாஸ்போர்ட் கட்டத்தில் இதை எழுதலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு என் பிள்ளைகளுக்கு எங்கள் விளையின் பெயர் தெரியாது, கதவு எண்தான் தெரியும்.

ஆகவே ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: அப்பா வழி வீட்டுப்பெயர், அம்மா வழி வீட்டுப்பெயர், பழைய தாலுகா, எந்தச் சபை அல்லது (கத்தோலிக்கர் என்றால்) எந்தக் கோயில் பங்கு. குடும்பம் இடம் மாறியிருந்தால் இரண்டு விளையையும் எழுதுங்கள். நாங்கள் பழைய விளையின் பெயரை விட்டுவிட்டுத் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. பாட்டா 1961இல்தான் இப்போதைய இடத்துக்குக் குடிவந்தார் என்பது பிறகு தெரிந்தது. அப்பா பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் அதற்கு முன்னால்.

வயசாளிகளிடம் எப்படிக் கேட்பது

"ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள்?" என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்று கேட்டால் அந்த இடத்திலேயே ஒரு காரணம் பிறந்துவிடும். எங்கள் அப்பா ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். அவரிடம் காரணம் தயாராக இருந்தது. சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24 அன்று வெளிவந்தது. அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1959இல் அப்பா பிறந்தார். அந்த நினைவாகத்தான் பாட்டா டார்வின் என்று பெயர் வைத்தார். முப்பது வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையோடுதான் தொடங்குவார். ஞாயிறு பிரசங்கத்தில் பரிணாமத்தைத் திட்டும்போது சபையில் எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்ப்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை. பாட்டா நான்காம் வகுப்பு படித்தவர், பனங்கருப்பட்டி வியாபாரி. லண்டனில் வெளிவந்த ஒரு புத்தகத்தின் நூற்றாண்டு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? அண்ணன் தம்பிமார் பெயர் என்ன? பெயரை முதலில் சொன்னது யார்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனது யார்? பெரும்பாலும் பெண்களுக்குத்தான் இதெல்லாம் நினைவிருக்கும். அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, எண்பது தாண்டியவர். கண் மங்கல், ஞாபகம் மங்கவில்லை. அவரிடம் அண்ணன் தம்பிமார் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அதிலேயே வந்துவிட்டது.

"மூத்தவன் காட்வின், ரெண்டாமவன் எட்வின். அப்போ மூணாமவனுக்கும் வின்னுல முடியண்டாமா? எனக்க அம்மைதான் இர்வின்னு வச்சா. ஆனா வீட்டுல ஆரு அப்பிடிக் கூப்பிட்டா? சின்னவன், சின்னவன்னுதான்."

"பின்ன டார்வின் எப்பிடி வந்துது மாமி?"

"அது பள்ளிக்கூடத்துப் பெரிய சாரு செய்த வேல. இர்வின்னு சொன்னதும், வைஸ்ராய்க்க பேரு நமக்கு என்னத்துக்குன்னு கேட்டுட்டு, டார்வின்னு எழுதிப்போட்டாரு. நானும் அப்பாவுக்க கூடப் போயிருந்தேன் மக்களே."

காந்தி–இர்வின் ஒப்பந்தம் 1931 மார்ச்சில். அதில் கையெழுத்துப் போட்ட வைஸ்ராயின் பெயரை ஒரு கருப்பட்டி வியாபாரியின் மகனுக்கு வைக்க அந்தத் தலைமையாசிரியருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரர் பெயரை அடித்துவிட்டு இன்னொரு வெள்ளைக்காரர் பெயரை எழுதினார். நல்லவேளை, அவரும் வின்னில் முடித்தார்.

மாமி சொன்னதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், செல்பேசி போதும். ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பதிவேட்டில் சரிபார்க்கும்வரை அதுவும் அப்பாவின் நூற்றாண்டுக் கதை மாதிரி ஒரு கதைதான்.

பதிவேடுகள்

சபையில் கேட்க வேண்டியது ஞானஸ்நானப் பதிவேடு. கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையிடம் திருமுழுக்குப் பதிவேடு என்று கேளுங்கள். பழைய கத்தோலிக்கப் பதிவுகளில் பெயர்கள் லத்தீன் வடிவத்தில் இருக்கும். பிரான்சிஸைத் தேடுகிறவர் 'பிரான்சிஸ்கஸ்' என்று தேட வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய் நிற்காதீர்கள், அன்றைக்கு யாருக்கும் நேரம் இருக்காது. வாரநாளில், வீட்டுப்பெயரையும் தோராயமான மூன்று வருஷத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதிவேட்டைக் கையில் தரச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம். அந்தப் பக்கம் தொட்டால் பொடிந்துவிடும். கிடைத்தால் சபையின் முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

எங்களுக்குப் பழைய விளையின் சபையில் கிடைத்தது. 1958 டிசம்பர், 'இர்வின்'. தெளிவான கையெழுத்து.

1958 என்பதைப் பார்த்ததும் எனக்குக் குழப்பம். ஏனென்றால் அதற்கு முன்பே பாட்டாவின் கணக்கு நோட்டைப் பார்த்திருந்தேன். அதில் பனைக் குத்தகைக் கணக்குக்கு நடுவே பிள்ளைகள் பிறந்த நாளும் எழுதியிருந்தது, எல்லாம் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களிலும், அதற்குப் பிந்தைய பெரியவர்களின் நோட்டுகளிலும் கொல்லம் ஆண்டும் மலையாள மாதமும் சாதாரணம். அப்பாவுக்கு நேராக '1134 துலாம் 12' என்று இருந்தது. யாரோ 825 கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். கூட்டினேன், 1959 வந்தது. அப்பா சொன்னது சரிதான் என்று நோட்டை மூடிவைத்துவிட்டேன்.

இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கொல்லம் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, சிங்ஙம் முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகையால் சிங்ஙம், கன்னி, துலாம், விருச்சிகம் ஆகிய மாதங்களுக்கு 824 கூட்டுங்கள். தனு மாதம் டிசம்பர் நடுவில் தொடங்குவதால் அதன் முதல் பாதிக்கும் 824. ஜனவரி பிறந்த பிறகு 825. துலாம் என்பது நம் ஐப்பசி. அப்போது 1134 துலாம் என்பது 1958 அக்டோபர் கடைசி. ஞானஸ்நானம் அந்த டிசம்பரில். எல்லாம் பொருந்துகிறது. அப்பாவின் நூற்றாண்டு மட்டும் பொருந்தவில்லை.

மூன்றாவது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. 1964 ஜூன், 'டார்வின்', பிறந்த தேதி 20.05.1959. அந்தக் காலத்துப் பிறந்த தேதிகளில் மே மாதம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஊரில் பாதிப் பேர் கத்திரி வெயிலில் பிறந்ததாகத்தான் கணக்கு. ஜூனில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும், தலைமையாசிரியர் அதற்கு ஏற்ற ஒரு தேதியைப் போட்டார். ஆகவே பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை வைத்துப் பெயருக்குக் காரணம் கட்டாதீர்கள். பெயர் எந்த மாதம், யார் கையால் மாறியது என்பதற்கு மட்டும் அது நல்ல சாட்சி. அப்பாவிடம் இதைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்போ ஏழு மாசம் கூடுதலா வேலை பார்த்திருக்கேன்" என்றார். சம்பளமும் வாங்கியிருக்கிறீர்கள் என்றேன்.

கல்லறைக் கற்களையும் பாருங்கள். இறந்த தேதிக்கு அவை நம்பகமானவை, பிறந்த தேதிக்கு அவ்வளவு இல்லை. பெயரை எப்படி உச்சரித்தார்கள் என்பதும் கல்லில் தெரியும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி, இறந்தது 1777இல். கல்லில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு. ஐரோப்பியப் பெயர் நம் எழுத்துக்குள் நுழைவது ஒன்றும் நேற்றைய சங்கதி இல்லை.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போடும்போது பெயரை வைத்துத் தேடாதீர்கள், சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள். பெயர் மாறும், எழுத்து மாறும். நிலம் மறு அளவை ஆகியிருந்தால் எண்ணும் மாறியிருக்கும், பழைய எண், புது எண் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஆளையும் அந்த ஊரையும் தேதியில் வைத்துப் பாருங்கள்

வீட்டில் பெயர் வந்த வழி தெரிந்த பிறகுதான் பெரிய மனிதர்களிடம் போக வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பிரபலமான ஒருவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு தாத்தாவை அவரோடு கட்டிவிடுகிறார்கள்.

சோதனை சுலபம். பெரிய மனிதர் பிரபலமான வருஷம் எது, நம் ஆளுக்குப் பெயர் வைத்த வருஷம் எது, இரண்டுக்கும் நடுவில் பெயர் எந்த வழியில் நடந்து வந்தது? எங்கள் பக்கம் சாமர்வெல் என்ற பெயர் உண்டு. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர் டாக்டர் சாமர்வெல். பிறகு நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். நெய்யூரில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அவர் பெயர் வைத்தார்கள் என்றால் வழி தெரிகிறது, அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே அவர் நின்றிருக்கிறார். ஆனால் ஒருவர் 1915இல் பிறந்தவர் என்றால் அவருக்கு இந்தச் சாமர்வெல்லின் பெயரை வைத்திருக்க முடியாது. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, 1818இல் நாகர்கோவிலில் பணி தொடங்கிய மீட் ஆகிய மிஷனரிகளின் பெயர்களையும் இப்படியே சோதிக்கலாம். மிஷன் காலத்தில் சீமையிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரை இங்கே படித்த பிள்ளைகளுக்கு வைத்த வழக்கமும் உண்டு. அந்தப் பெயருக்குரியவரை உங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

டார்வினை நானே சோதித்துப் பார்த்தேன். சார்லஸ் டார்வின் பிறந்தது 1809 பிப்ரவரி 12. அப்பா ராபர்ட், ஷ்ரூஸ்பெரியில் டாக்டர். தாத்தா எராஸ்மஸ் டார்வினும் டாக்டர், கவிஞர், பேரனுக்கு முன்பே உயிர்கள் மாறி வந்தவை என்று எழுதியவர். சார்லஸின் பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் ஜார்ஜ் கடல் ஓதங்களை ஆராய்ந்தார், பிரான்சிஸ் தாவரங்களை ஆராய்ந்தார். ஆக, 'டார்வின் சொன்னார்' என்று எங்காவது படித்தால் எந்த டார்வின் என்று கேளுங்கள். கன்னியாகுமரிக் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி என்றால் அது மகனாக இருக்கலாம். இந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் உறவு இல்லை என்பதை ஸ்காட்லாந்து டாக்டருக்கு இப்போது ஆதாரத்தோடு சொல்வேன்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தின் கதை இன்னும் நல்ல பாடம். 1839 செப்டம்பரில், டார்வின் முன்பு உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பல், தன் அடுத்த பயணத்தில் அந்த விரிகுடாவைக் கண்டது. கப்பல் தலைவர் விக்காம். முந்தைய பயணத்தில் டார்வினோடு ஒரே கப்பலில் ஐந்து வருஷம் அலைந்தவர். பழைய தோழனின் நினைவாக அந்தத் துறைமுகத்துக்கு டார்வின் என்று பெயர் வைத்தார். அந்த நேரம் டார்வின் இங்கிலாந்தில் இருந்தார், வயது முப்பது. அவருடைய கடற்பயண நூல் அந்த ஆண்டுதான் வெளிவந்தது. உலகத்தைக் கலக்கிய புத்தகம் வர இன்னும் இருபது வருஷம் இருந்தது. ஆகவே, பரிணாமக் கொள்கையைப் பாராட்டி நகரத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் தேதியைக் காட்டி மறுத்துவிடலாம். 1836இல் அவர் சிட்னிக்கும் ஹோபார்ட்டுக்கும் போனார். தன் பெயர் கொண்ட துறைமுகத்தை அவர் பார்த்ததே இல்லை.

அதோடு முடியவில்லை. 1869இல் அங்கே ஊர் அமைத்தபோது அதற்கு இட்ட பெயர் பாமர்ஸ்டன், ஒரு பிரிட்டிஷ் பிரதமரின் பெயர். 1911இல்தான் ஊரும் டார்வின் ஆனது. இதற்கெல்லாம் முன்பிருந்தே அங்கே வாழும் லாரக்கியா மக்கள் அந்த இடத்தைக் கராமில்லா என்கிறார்கள். ஒரு பெயரின் அடியில் இன்னொரு பெயர், அதன் அடியில் இன்னொன்று. நமக்கு இது புதிதா? மார்த்தாண்டத்துக்குப் பழைய பெயர் தொடுவெட்டி. எங்கள் மாமி இப்போதும் "தொடுவெட்டிச் சந்தைக்குப் போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வார்.

(கால் முறிந்த அந்த ஆஸ்திரேலியக்காரர் குணமாகிப் போகும்முன் சொன்னது: 1974 கிறிஸ்துமஸ் அன்று டிரேசி புயல் அந்த நகரத்தின் பெரும்பாலான வீடுகளைத் தரைமட்டமாக்கியது, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் ஒக்கியைப் பற்றிச் சொன்னேன். 2017 நவம்பர் 30, கடலுக்குப் போனவர்களை எண்ணி எண்ணி நாங்கள் காத்திருந்த நாட்கள். அதன்பிறகு அவர் என் பெயரை வைத்துக் கிண்டல் செய்யவில்லை.)

எல்லா டார்வினும் சார்லஸ் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியாவில் டார்வின் என்று ஒரு சிற்றூர், பழைய சுரங்க ஊர். அது எராஸ்மஸ் டார்வின் பிரெஞ்ச் என்ற ஒருவரின் பெயரால் வந்தது. அவருக்கு டார்வின் குடும்பப் பெயர் இல்லை, எங்கள் அப்பாவுக்குப் போலச் சொந்தப் பெயரின் ஒரு பகுதி.

பாஸ்போர்ட் கட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம், ஆனால் வெளிநாடு போகிறவர்கள் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் என் தம்பிக்கு ஒரு பயணம் தவறிப்போய்விட்டது. அப்பா பெயரை எழுதுவதென்றால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் டார்வின், தம்பிக்குக் காலி.

இர்வினும் டார்வினும் ஒருவரே என்று நிறுவ எங்களுக்கு உதவியவை இவை: ஞானஸ்நானப் பதிவின் முத்திரையிட்ட நகல், பள்ளிப் பதிவேட்டின் நகல், மாமியும் பெரியப்பாவும் நோட்டரி முன்னால் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம். இரண்டு பதிவிலும் பெற்றோர் பெயர் ஒன்றாக இருந்தது, அதுதான் முடிச்சை அவிழ்த்தது. மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். பட்டா போன மாதம் கைக்கு வந்தது.

கடைசியாகப் பொருள்

பெயரின் பொருளைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்த்தால் அதுவே காரணம் என்று தோன்றிவிடும். குழந்தைப் பெயர்ப் பட்டியல்களை நம்பாதீர்கள். அவற்றில் எல்லாப் பெயருக்கும் 'வெற்றியாளன்' அல்லது 'ஒளி' என்றுதான் பொருள் இருக்கும். பெயர்களுக்கென்றே தயாரித்த ஆங்கிலக் குடும்பப்பெயர் அகராதிகளைப் பாருங்கள். டார்வினுக்கு அவை சொல்வது பழைய ஆங்கிலத்து 'தெயோர்வினே'. 'தெயோர்' என்றால் அன்பான, 'வினே' என்றால் நண்பன். லங்காஷயரில் உள்ள டார்வென் என்ற ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் இந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம்.

'வினே' என்ற சொல்லைப் பார்த்ததும் மற்ற பெயர்களையும் புரட்டினேன். ஒரு சாயங்காலம் மாமி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அப்பாவும் இருந்தார். காட்வின் என்றால் கடவுளின் நண்பன். எட்வின் என்றால் செல்வமுள்ள நண்பன். டார்வின் என்றால் அன்பு நண்பன். பாட்டி ஓசைக்காக வைத்த 'வின்'னுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரே பொருள் இருந்திருக்கிறது.

"இர்வினுக்கு என்ன மக்களே?" என்றார் மாமி.

இர்வின் பழைய ஆங்கிலத்தில் 'எயோவோர்வினே'. 'எயோவோர்' என்றால் காட்டுப்பன்றி.

மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவின் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "பன்னிக்க கூட்டாளியா லே நீ! பெரிய சாரு புண்ணியவான், கேட்டியா?"